படைத்தவனைத் தப்பவிட்ட படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நாவல்களைத் தழுவி எடுக்கப்பட்ட திகில் படங்கள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த பரிந்துரைப் பட்டியலில், 2014இல் வந்த ‘ஐ, ஃபிராங்கன்ஸ்டைன்’ படமும் இடம்பெற்றிருந்தது. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் படிக்கப் பொறுமையில்லாத இளையவர்களுக்கு இது நல்ல நுழைவாயில் என்று அதற்குக் கீழே ஒரு வரியும் இருந்தது. கல்லூரியில் அந்த நாவலைப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். அந்த வரியைப் படித்ததும் எழுந்த எரிச்சலிலேயே எழுதிவிடக் கூடாது என்று, படத்தை மீண்டும் ஒருமுறை முழுவதும் பார்த்துவிட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாவலில் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் பெயர். படைக்கப்பட்டவனுக்குக் கடைசிவரை பெயர் கிடையாது. இந்நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்த புதுமைப்பித்தன் அதற்குப் ‘பிரேத மனிதன்’ என்று தலைப்பிட்டார். அந்தப் பெயராலேயே நானும் அவனைக் குறிப்பிடுகிறேன்.

ஸ்டூவர்ட் பீட்டி எழுதி இயக்கிய இப்படம், நாவலின் கதையைத் தொடக்கத்தில் சில நிமிடங்களில் அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டு, விக்டர் பனியில் உறைந்து இறந்த பிறகு என்ன நடந்தது என்று தன் கற்பனையைத் தொடங்குகிறது. படைத்தவனின் உடலைக் குடும்பக் கல்லறைக்குத் தூக்கிவந்து புதைக்கும் பிரேத மனிதனை நரகத்துப் பிசாசுகள் தாக்குகின்றன. தேவாலயக் கூரைகளில் கல்லாய் அமர்ந்திருக்கும் கார்கோயில்கள் உயிர்பெற்று வந்து அவனைக் காப்பாற்றுகின்றன. அவற்றின் அரசி அவனுக்கு ஆதாம் என்று பெயர் சூட்டுகிறாள். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, இக்காலத்து நகரம் ஒன்றில், அந்த இரு படைகளின் போரில் அவன் மீண்டும் சிக்கிக்கொள்கிறான். செல்வந்தன் வேடத்தில் உலவும் பிசாசுகளின் இளவரசன், பிணங்களைக் குவித்து வைத்துக்கொண்டு, அவற்றுக்கு உயிரூட்டித் தன் கூட்டத்தாரைக் குடியேற்றத் திட்டமிடுகிறான். செத்துப்போகும் பிசாசு தீப்பிழம்பாகக் கீழே இறங்குகிறது, கார்கோயில் நீல ஒளியாக மேலே போகிறது. முதல்முறை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அரைமணி நேரம் போனபின் தீபாவளி இரவில் மொட்டைமாடியில் நிற்பதுபோல் காது அடைத்துப்போகிறது.

மூலக்கதையை மாற்றிவிட்டார்கள் என்பது என் குறை அன்று. சொன்ன கதையை மாற்றிச் சொல்வதில் தமிழ் வாசகனுக்குப் புதிதாக அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. பிரேத மனிதனைத் தமிழில் தந்த அதே புதுமைப்பித்தன், ‘சாப விமோசனம்’ கதையில் அகலிகையை மீண்டும் கல்லாக்கினார். ராமனே சீதையைத் தீக்குளிக்க வைத்தான் என்று கேட்டதும் அவள் கல்லாகிப் போகிறாள். ராமாயணத்தில் அப்படி ஓர் இடம் இல்லை; ஆனால் ராமாயணத்துக்குள் புதைந்து கிடக்கும் ஒரு கேள்வியை எவரும் தப்பிக்க முடியாதபடி அக்கதை தோண்டி எடுத்து வைக்கிறது. திரைப்படத்திலும் உதாரணம் உண்டு. ஜேம்ஸ் வேல் 1931இல் இயக்கிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, நாவலில் நாவன்மை மிக்கவனாக வரும் பிரேத மனிதனை ஊமையாக்கியது. அவனுக்கு உயிரூட்டும் காட்சியில், நாவலின் அந்த இடத்தில் இல்லாத இடியையும் மின்னலையும் சேர்த்தது. ஆனாலும், ஏரிக்கரையில் ஒரு சிறுமியோடு பூக்களை நீரில் மிதக்கவிட்டு விளையாடுபவன், பூ தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று நம்பி அவளையே தூக்கிப் போடும் காட்சி அதில் இருக்கிறது. நாவலில் அப்படி ஒரு வரியும் கிடையாது. ஆனால் அதைப் பார்த்தவர் எவரும் மேரி ஷெல்லி அங்கே இல்லை என்று சொல்லமாட்டார்.

2014ஆம் ஆண்டுப் படத்தில் அவர் எங்கும் இல்லை. அதற்கு விக்டரின் நாட்குறிப்பு ஒன்றே போதுமான சான்று. நாவலில் பிரேத மனிதன் ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்துச் சென்ற உடையின் பைக்குள் சில தாள்கள் கிடக்கின்றன. அப்போது அவனுக்கு எழுத்துத் தெரியாது. காட்டோரக் குடிசை ஒன்றின் ஒட்டுக்கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியாக உள்ளே ஒரு பெண்ணுக்குக் கற்பிக்கப்படும் பாடத்தைக் கேட்டே மொழியையும் எழுத்தையும் கற்றுக்கொள்கிறான். ஆங்கிலக் கவி மில்டனையும் பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கையும் படித்துவிடுகிறான். அதற்குப் பிறகுதான் அந்தத் தாள்களைப் பிரிக்கிறான். அவன் உருவாவதற்கு முந்தைய நான்கு மாதங்களை விக்டர் அவற்றில் எழுதி வைத்திருக்கிறான். தன்னை உருவாக்கியவன் தன்னை எவ்வளவு அருவருத்தான் என்பதை அவன் கையெழுத்திலேயே இவன் வாசிக்க நேர்கிறது. பெற்றவர் தன்னை வேண்டாமென்று நினைத்ததைப் பழைய கடிதம் ஒன்றில் கண்டுபிடிக்கும் பிள்ளையின் நிலை அது. வகுப்பில் இந்தப் பகுதியை நான் வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம், பின்வரிசைச் சலசலப்பு தானாக அடங்கிவிடும்.

படத்திலும் நாட்குறிப்பு வருகிறது; சொல்லப்போனால் கதை முழுவதும் அதைச் சுற்றியே ஓடுகிறது. பிசாசுகள் அதைத் தேடுகின்றன, கார்கோயில்கள் அதை ஒளித்து வைக்கின்றன, விஞ்ஞானியாக வரும் பெண் அதைப் பார்த்து வியக்கிறாள். எல்லோருக்கும் அது பிணத்துக்கு உயிர்கொடுக்கும் செய்முறைக் குறிப்பேடு, அவ்வளவுதான். அதன் பக்கங்களால் நெஞ்சு புண்பட வேண்டியவன் ஒருவன் இருக்கிறானே என்று படத்துக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நாவலில், கப்பல் தலைவன் வால்டன் அந்த உயிரூட்டும் முறையைக் கேட்கும்போது, சாகக் கிடக்கும் விக்டர் அதைச் சொல்ல மறுத்துவிடுகிறான். மேரி ஷெல்லி வேண்டுமென்றே வாசகரிடமிருந்தும் மறைத்த ஒன்றுக்காகவே இரண்டு படைகள் இங்கே மோதிக்கொள்கின்றன.

அடுத்தது முகம். எட்டடி உயரம், கீழே ஓடும் தசையையும் நாளங்களையும் மூடப் போதாத மஞ்சள் தோல் என்று நாவல் அவனை வர்ணிக்கிறது. அவன் கதி முழுவதும் அந்த முகத்தால் வந்தது. அவனிடம் முகம் சுளிக்காமல் பேசுபவர் குடிசையிலிருக்கும் பார்வையற்ற முதியவர் ஒருவர்தாம். கண்ணுள்ள பிள்ளைகள் திரும்பி வந்ததும் அடிதான் கிடைக்கிறது. குழந்தைக்கு வெறுக்கத் தெரியாது என்று நம்பி ஒரு சிறுவனை நெருங்குகிறான். அந்தச் சிறுவனும் அலறுகிறான். அவனே முதல் பலியாகிறான். படத்தில் இந்த வேடத்தை ஏற்றிருக்கும் ஆரோன் எக்கார்ட்டோ உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேரே வந்தவர்போல் இருக்கிறார். முகத்தில் சில தழும்புகள், அவையும் அழகுக்கு அழகு சேர்ப்பவை. தெருவில் நடந்துபோகிறார், எவரும் அலறவில்லை. இப்படிப்பட்ட ஒருவர் இருநூறு ஆண்டுகள் மனிதரை விட்டு ஏன் ஒதுங்கி வாழ வேண்டும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நடிகரைக் குறைசொல்லிப் பயனில்லை, ஒப்பனை அறையில் முடிவான விஷயம் அது.

ஆனால் நான் பெரிய பிழையாகக் கருதுவது பிசாசுகளைத்தான். 1816ஆம் ஆண்டின் கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில் இக்கதையைத் தொடங்கியபோது மேரிக்கு வயது 18. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய முதல் குழந்தை பிறந்து சில நாட்களில் இறந்துபோயிருந்தது. நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் குழந்தை பிழைத்துக்கொண்டதாகக் கனவு கண்டதைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவர் எழுதிய கதையில், உயிர்கொடுத்த அன்றிரவே அறையைவிட்டு ஓடிப்போகிறவனைப் பற்றிய கோபம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்நாவலில் நரகத்திலிருந்து எவரும் ஏறி வரவில்லை. நடக்கும் கொலைகள் அத்தனைக்கும், செய்யாத குற்றத்துக்காகத் தூக்கிலிடப்படும் பணிப்பெண் ஜஸ்டினின் சாவுக்கும் சேர்த்து, பொறுப்பேற்க வேண்டியவர்கள் இருவரே: கொன்றவனும், அவனை உண்டாக்கிக் கைவிட்டவனும். படம் ஒரு பிசாசுக் கூட்டத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியதும் அந்த இரண்டாமவன்மீது இருந்த வழக்கு சத்தமில்லாமல் தள்ளுபடியாகிவிடுகிறது. மாந்திரீகக் கற்பனை கூடாது என்று நான் சொல்லவில்லை. மனிதன் செய்ததைப் பேய்மேல் சுமத்துவதற்கு அந்தக் கற்பனை பயன்பட்டதைத்தான் சொல்கிறேன்.

இவனுக்கு ஆன்மா உண்டா என்ற கேள்வியைப் படம் ஒன்றரை மணி நேரம் சுமந்து திரிந்து, கடைசிச் சண்டையில் ‘உண்டு’ என்று தீர்ப்பளிக்கிறது. நாவலில், ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றில் படைத்தவனை எதிர்கொள்ளும்போது பிரேத மனிதன் அதைத் தானே சொல்லிவிடுகிறான்: தன் ஆன்மாவில் அன்பு நிறைந்திருந்தது என்றும், தனிமையும் வெறுப்புமே தன்னைக் கெடுத்தன என்றும் வாதிடுகிறான். அவனுக்காக யாரும் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கவில்லை.

படத்தின் முடிவில் அவன் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற பெயரைத் தனக்கே சூட்டிக்கொள்கிறான். தன்னை மகனென்று ஒப்புக்கொள்ளாத தகப்பனின் பெயரைப் பிள்ளை உரிமையோடு எடுத்துக்கொள்வது, சரியாகக் கையாண்டிருந்தால், நெஞ்சை உலுக்கும் முடிவாக இருந்திருக்கும். அதற்கு முன்னால் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இடையில் ஏதேனும் நடந்திருக்க வேண்டுமல்லவா? தொடக்கத்திலேயே தகப்பனைப் புதைத்தாகிவிட்டது.

தங்கள் பட்டியல் மீண்டும் வெளியாகுமானால் இரண்டு திருத்தங்களை வேண்டுகிறேன். படக்குறிப்பில் அரக்கனின் பெயர் ஃபிராங்கன்ஸ்டைன் என்று அச்சாகியிருப்பதை மாற்றிவிடுங்கள். நுழைவாயில் என்று ஒன்றைக் காட்டத்தான் வேண்டுமென்றால், அந்த இடத்தில் புதுமைப்பித்தனின் ‘பிரேத மனிதன்’ தமிழிலேயே இருக்கிறது என்ற குறிப்பைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.