செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் வரும்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. ஞாயிறு தமிழ் வகுப்பு தொடர்கிறது. சித்திரை விருந்தில் வடை போதவில்லை என்ற புகாரைச் செயற்குழு குறித்துக்கொண்டது.

இனி, பிரான்சின் வடமேற்குக் கடற்கரை ஊரான சென்-மாலோவுக்கு நாம் போய்வந்த பயணம். பாரிசிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் போய் மதில்சுவரையும் சிலைகளையும் பார்ப்பதற்குப் பதிலாக லூர்து மாதா கோயிலுக்கே போகலாமே என்று சிலர் கேட்டார்கள். அதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1534-இல் கனடாப் பக்கம் கப்பல் விட்ட ழாக் கார்த்தியே, எழுத்தாளர் ஷத்தோபிரியான், 1800-இல் வங்கக் கடலில் ஆங்கிலேயரின் 'கென்ட்' கப்பலைப் பிடித்த கடல் வேட்டைக்காரர் சுர்கூஃப், எல்லோரும் அந்தச் சின்ன ஊர்க்காரர்கள். நமக்கு வேண்டியவர் 1699-இல் அங்கே பிறந்த பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி லபூர்தொனே. புதுச்சேரியில் அவர் பெயரில் உள்ள வீதியில் நடந்த பலருக்கும் அவர் யாரென்று தெரியாது.

மொரிஷியஸ் ஆளுநராக இருந்தபோது புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை அங்கே வரவழைத்தவர் அவர். 1746-இல் சென்னையைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் பொற்காசு வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரிடம் ஒப்புக்கொண்டார். அப்போது புதுச்சேரி ஆளுநராக இருந்த தூப்ளே அதை ஏற்கவில்லை. இருவரும் மோதிக்கொண்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பிரான்சுக்குத் திரும்பிய லபூர்தொனேவைப் பஸ்தீய் சிறையில் போட்டார்கள். 1751-இல் குற்றமற்றவர் என்று விட்டார்கள், இரண்டே ஆண்டில் இறந்துபோனார். ஊருக்கு உழைத்தவனுக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான். இதை நான் வேறு யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

சுர்கூஃப் அடிமை வணிகம் செய்தவராயிற்றே, அவர் சிலைமுன் படம் எடுப்பதா என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. லபூர்தொனே மொரிஷியசைக் கட்டியதிலும் அடிமைகளின் உழைப்பு இருக்கிறது. திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு. சாப்பாட்டைத் தவிர வேறெதையும் நம் சங்கம் இவ்வளவு நேரம் விவாதித்ததாக நினைவில்லை.

ஷத்தோபிரியான் கல்லறை கிரான் பே திட்டில் இருக்கிறது. கடல் வற்றும்போது மட்டுமே நடந்து போகலாம். நேரத்தைச் சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். அந்த நேரத்தில் கலெத் என்ற அந்த ஊர்த் தோசையைச் சாப்பிட உட்கார்ந்தவர்கள் இப்போது என்னைக் குறை சொல்கிறார்கள். பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களால் பஸ்ஸின் பின்வரிசை காலியாகப் போனது. வாடகையில் ஒரு சந்தீம்கூடக் குறையவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலும் அவரிடமே உள்ளது, அது சற்று நீளம். மண்டபம் தந்த நகரசபைக்கும், சமைத்த சகோதரிகளுக்கும், நாற்காலி அடுக்கிய தம்பிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தூப்ளே பிறந்த வட பிரான்ஸ் ஊரான லாந்தர்சிக்குப் போகலாம் என்று ஓர் எண்ணம். யார் செயலாளர் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் நிற்பதாகச் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது. தேநீர் இடைவேளையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருப்பார்.