அம்மாவின் ரேடியோவுக்கு ஒரு ஏரியல்

திருச்சி

அன்புள்ள சேதுவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குத் தூத்துக்குடி ஃபிளாட் இன்னும் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் திண்ணையில் உட்கார்ந்து திருநெல்வேலி வானொலி கேட்டவருக்கு, அங்கே வந்ததும் வெறும் இரைச்சல்தான் என்றால் எப்படி ஒட்டும்?

முதலில் ஒன்று. எதிர்வீட்டுக்காரர் சொன்னார் என்று, அலையைப் பிடிக்கும் ஏரியலாக ரேடியோவிலிருந்து ஒரு ஒயரை எடுத்து பிளக் பாயின்ட்டின் எர்த் ஓட்டையில் செருகிவிடாதே. அந்த எர்த் ஒழுங்காகப் பூமிக்கு இறங்கியிருக்கிறதா என்று உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கிரைண்டரிலோ ஃப்ரிட்ஜிலோ கசிவு இருந்தால் அது ஒயர் வழியாக அம்மாவின் கைக்கு வரும். கை தவறிப் பக்கத்து ஓட்டையில் போய்விட்டால் சொல்லவே வேண்டாம். பால்கனிக்கு வெளியேயும் ஒயர் விடாதே. கரண்ட் லைன் இருக்கிறது, இடி மின்னல் இருக்கிறது.

திருநெல்வேலி வருவது மீடியம் வேவில், 1197 கிலோஹெர்ட்ஸ். நீ இழுத்து இழுத்துப் பார்க்கும் கம்பி எஃப்.எம்முக்கும் ஷார்ட் வேவுக்கும்தான். மீடியம் வேவுக்கு ஏரியல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது: ஃபெரைட் என்கிற கருப்புக் காந்தப்பொருள் தண்டில் சுற்றிய கம்பிச் சுருள். அதனால் செட்டை ஜன்னலோரம் வைத்து மெதுவாகத் திருப்பு. ஒரு பக்கம் சத்தம் ஏறும், இன்னொரு பக்கம் அடங்கிவிடும்.

அப்புறம் இரைச்சல். போன மாதம் பேட்டரி போட்ட ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தேன். அடுப்படி எல்.இ.டி. பல்பின் கீழே போனால் கிர்ரென்றது. கட்டிலோரம் போன் சார்ஜர் பக்கம் போனதும் ஸ்டேஷனே மறைந்துவிட்டது. அதைப் பிடுங்கினேன் பார், செய்தி வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போல் இருந்தது! நீயும் இதைச் செய்துவிட்டு மற்றதை யோசி. பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

மீதிக்கு ஒரு லூப் ஏரியல் போதும். இரண்டடிக்கு இரண்டடி மரச்சட்டம் ஒன்றில் உறை போட்ட ஒயரைப் பத்துச் சுற்றுச் சுற்று. 25 மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். இரண்டு முனையையும் பழைய ரேடியோவின் கேங் கண்டென்சரில், அதாவது ஸ்டேஷன் மாற்றத் திருகும்போது உள்ளே சுழலும் தகடுகள் கொண்ட பாகத்தில், சேர்க்க வேண்டும். ரேடியோவில் எதையும் இணைக்க வேண்டாம், கரண்டும் வேண்டாம். லூப்பின் பக்கத்தில் ரேடியோவை வைத்து 1197இல் நிறுத்திக்கொண்டு கேங்கைத் திருகினால், ஒரு இடத்தில் ஸ்டேஷன் எழுந்து நிற்கும். தொடாமலே சேருகிற இந்த வித்தை எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ரேடியோவின் நீளவாக்கு லூப்பின் குறுக்கே இருக்கட்டும், உள்ளே தண்டு பெரும்பாலும் நீளவாக்கில்தான் இருக்கும். லூப்பின் விளிம்பு திருநெல்வேலி திசையைப் பார்க்க வேண்டும்.

கேங்குக்காகப் பரணில் கிடக்கும் உங்கள் அப்பாவின் வால்வு செட்டை, அந்தக் கண்ணாடிக் குழாய் போட்ட பழைய ரேடியோவை, திறந்துவிடாதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கண்டென்சரில் சார்ஜ் நின்றிருக்கலாம், தொட்டால் ஷாக் அடிக்கும். என்னிடம் ஒரு கேங் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். நீ சட்டத்தையும் ஒயரையும் தயாராக வை. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்து