கீழே இருக்கும் டேப் பாரில் எங்கள் எழுத்துக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்

தமிழிலும் வெளிவரும் செயலிகளை வடிவமைப்பவர்களுக்கும் நிரல் எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். திரையின் அடியில் ஐகான்களை வரிசையாக அடுக்கி நீங்கள் வைக்கும் பட்டையை, அதாவது டேப் பாரைப் பற்றி, அதிலும் ஐகானுக்குக் கீழே லேபிளாக வரும் அந்தப் பொடி எழுத்தைப் பற்றி ஒரு முறையீடு.

லேபிள் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்று எழுதிப் பார்த்து முடிவு செய்துவிடுகிறீர்கள். அந்த நான்கு எழுத்தில் ஒன்றுகூட, எழுத்துகள் வரிசையாக நிற்கும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்காது. பிறகு அதே இடத்தில் ‘முகப்பு’ வந்து உட்காருகிறது. மு-வின் சுழி கீழே இறங்கும், பு-வின் காலும் இறங்கும், நடுவில் ப் தலையில் புள்ளி வேறு. மேலே ஐகான் நெருக்குகிறது, கீழே பட்டை முடிந்துவிடுகிறது. கால் வெட்டுப்பட்டால் பு வெறும் ப ஆகிவிடும். புள்ளி ஐகானோடு ஒட்டிக்கொண்டால் அது எழுத்தா, திரையில் படிந்த அழுக்கா என்றே தெரியாது.

ஐபோனில் நீங்கள் செய்வது தெரிந்ததுதான்: ‘டைட்டில் பொசிஷன் அட்ஜஸ்ட்மெண்ட்’டில் ஒரு எண்ணைப் போட்டு எழுத்தை மேலேயோ கீழேயோ நகர்த்துவது. ஐஓஎஸ் 26-க்கு முன்புவரை பட்டையின் வழக்கமான உயரம் 49 பாயிண்ட் (திரையில் அளவைக் குறிக்கும் அலகு). 2017-இல் ஐபோன் எக்ஸ் வந்ததிலிருந்து, ஹோம் பட்டன் இல்லாத போன்களை நிமிர்த்திப் பிடித்தால் அதற்கும் அடியில் 34 பாயிண்ட் காலியாகக் கிடைக்கிறது. அப்படிப்பட்ட போனிலேயே சோதித்துப் பார்ப்பதால், எழுத்தைச் சற்றுக் கீழே தள்ளினாலும் உங்கள் கண்ணை உறுத்துவதில்லை. ஹோம் பட்டன் உள்ள பழைய ஐபோன் எஸ்இ-யில் அந்தக் காலி இடமே கிடையாது. போனைக் குறுக்கே திருப்பினாலோ எழுத்து ஐகானுக்குப் பக்கத்தில் போய்விடும்; நீங்கள் போட்ட எண் அங்கேயும் தொற்றிக்கொண்டால் ஐகான் ஒரு மட்டத்தில், சொல் இன்னொரு மட்டத்தில். ஐஓஎஸ் 13 முதல், எழுத்து ஐகானுக்குக் கீழே வரும் அமைப்பு, பக்கத்தில் வரும் அமைப்பு என ஒவ்வொன்றுக்கும் இந்த எண்ணைத் தனித்தனியாகக் கொடுக்க வழி இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன?

ஆண்ட்ராய்டில் சிக்கல் வேறு மாதிரி. தமிழ் போன்ற உயரமான எழுத்துகளை அது வெகுகாலம் இறுக்கிய எழுத்துருவில்தான் காட்டிவந்தது. ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்துக் கட்டும் செயலிகளில் ‘எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்’ என்ற எழுத்துயர வசதி தானாகவே செயல்படுகிறது. தமிழ் தன் முழு உயரத்தில் வரும். ரொம்ப நல்ல மாற்றம். ஆனால் பட்டைக்கு இத்தனை டிபி (ஆண்ட்ராய்டின் அளவு அலகு) என்று உயரத்தைக் கட்டிப்போட்டு, எழுத்துக்கு மேலும் கீழும் விடப்படும் காலி இடமான ஃபான்ட் பேடிங்கையும் அழகுக்காக எடுத்துவிட்டிருந்தால், முன்பு தப்பித்த எழுத்துகூட இப்போது வெட்டுப்படும்.

அகலமும் இதே கதைதான். ‘அறிவிப்புகள்’ இடம் போதாமல் ‘அறிவி…’ என்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எதை அறிவிப்பது, யாருக்கு? சரி, எழுத்தைச் சிறிதாக்குவோம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். ஐபோனில் அது ஏற்கெனவே 10 பாயிண்ட்தான். ஐந்து டேப்பை நான்காக்குங்கள், இல்லையென்றால் குட்டையான சொல்லைப் போடுங்கள்.

நகர்த்தும் எண்ணை மொழிக்குத் தக்கபடி மாற்றுங்கள். முடிந்தால் எண்ணையே விட்டுவிட்டு, எழுத்துருவின் வரி உயரத்தைக் கணக்கிட்டு இடம் ஒதுக்குங்கள். அப்புறம், வெளியிடும் முன் உங்களிடம் இருக்கும் மிகச் சிறிய போனில், எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்து, ‘முகப்பு’, ‘கணக்கு’, ‘அமைப்புகள்’ மூன்றையும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
போனைத் தமிழில் வைத்திருக்கும் ஒரு பயனர்