அடிக்கிறவனும் அதே கிளினிக்குக்குத்தான் வர்றான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்ப வன்முறைன்னாலே அடி வாங்குன பொம்பளையப் பத்திதான் பேசுறோம், அது வேணும்தான், ஆனா அடிக்கிற ஆம்பளையும் சக்கரை மாத்திரை வாங்க, பிரஷர் பாக்க, திங்கக்கிழமை எம்சி (லீவுக்கு டாக்டர் குடுக்குற சீட்டு) கேக்கன்னு டாக்டர் முன்னாடி வந்து உக்கார்றான், அவன்கிட்ட என்ன பேசணும்னு யாரும் வாய் திறக்கிறதில்ல. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து கிளினிக்ல ரொம்ப வருஷம் மருந்து எடுத்துக் குடுத்தவன் நான். சுண்டுவிரல் முட்டி வீங்கி வருவாங்க, கேட்டா செம்பனைக் குலை விழுந்துருச்சுன்னு சொல்லுவாங்க. அந்த இடத்துல எலும்பு உடையறது பெரும்பாலும் எதையாவது குத்துனாத்தான், டாக்டருக்கும் தெரியும், ஆனா கட்டு போட்டு எம்சி எழுதி அனுப்பிடுறாங்க.

தனியா உக்கார வச்சு, வீட்ல சண்டை வந்தா என்ன ஆகும், கை நீட்டியிருக்கீங்களா, சம்சாரம் புள்ளைங்க பயப்படுறாங்களான்னு மரியாதையா, நேராவே கேக்கலாமே. உயிருக்கு ஆபத்துன்னா ரகசியம் காக்க முடியாதுன்னும் முதல்லயே சொல்லிடணும். ஆனா சம்சாரம் ஏற்கனவே தனியா வந்து சொன்னத அவன்கிட்ட மூச்சு விடக்கூடாது, ராத்திரி அடி அவளுக்குத்தான் விழும். ரெண்டு பேரையும் ஒண்ணா கூப்புட்டு சமாதானம் பேசுறதும் வேணாம், அவன் பக்கத்துல இருக்கும்போது அவ எப்படிங்க உண்மைய சொல்லுவா?

சம்சு சாராயம்தான் காரணம்னு டாக்டரும் தலையாட்டக் கூடாது. குடிய நிறுத்த உதவி பண்ணுங்க, அது வேற, ஆனா அதே போதையில வேலைய மேய்க்கிற மண்டோர் மேல கை வைக்கிறானா? வைக்கமாட்டான். அடிக்கிறது அவன் எடுக்கிற முடிவுன்னு சொல்லி, கவுன்சிலிங்குக்கு எழுதிக் குடுத்து, மறுபடி வரச்சொல்லி விசாரிக்கணும். கோர்ட்டே அப்படி அனுப்ப நம்ம மலேசியாவோட 1994 குடும்ப வன்முறைச் சட்டத்துல இடம் இருக்கு.

கழுத்த நெரிச்சிருக்கான், கொன்னுடுவேன்னு மிரட்டுறான், அவ பிரிஞ்சு போகப் பாக்குறான்னு தெரிஞ்சா அடுத்த தேதி குடுக்குற வேலையே வேணாம், அவளோட பாதுகாப்ப உடனே பாக்கணும். சமூக நல இலாகா அதிகாரியே 7 நாளைக்கு அவசர பாதுகாப்பு ஆணை குடுக்கலாம், 15999-ங்கிற ‘தாலியான் காசிஹ்’ அரசாங்க உதவி நம்பருக்கு அடிச்சா எந்நேரமும் எடுப்பாங்க, பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சில இதுக்குன்னே தனி பிரிவு இருக்கு.

இதெல்லாம் பேச ஒரு ரூம் வேணுமில்ல? தோட்டப்புறத்துல பல கிளினிக்ல டாக்டருக்கும் வெளிய பெஞ்சுக்கும் நடுவுல ஒரு துணித் திரைதான், பெஞ்சுல இருக்கிறது அவனோட சின்னம்மாவா இருக்கும். நிர்வாகம் முதல்ல ஒரு கதவு போட்டுக் குடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளினிக் ஊழியர்,
சுங்கை சிப்புட், பேராக்