ஆல்-மவுண்டன் ஃப்ரீஸ்டைல் ஸ்னோபோர்டின் அடிப்பரப்புக் குறை குறித்தும், அதன் விவரக்குறிப்பு குறித்தும் புகார்

பெறுநர்: தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் மற்றும் வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: ஸ்னோபோர்டின் அடிப்பரப்பு குழிந்திருப்பது, கடினப்பனியில் அதன் நடத்தை, மாற்றுப் பலகை கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் தயாரித்த 156 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆல்-மவுண்டன் ஃப்ரீஸ்டைல் ஸ்னோபோர்டு (தாவல்களுக்கும் வித்தைகளுக்கும் ஏற்ற பனிச்சறுக்குப் பலகை) ஒன்றை இந்தப் பனிப்பருவத்தின் தொடக்கத்தில் வாங்கினேன். மலையின் எந்தப் பகுதியிலும், எந்த வகைப் பனியிலும், முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே நம்பிக்கையோடு ஓட்டக்கூடிய பலகை என்று தங்கள் விவரக்குறிப்பு கூறுகிறது. பருவம் முழுவதும் பலவகைப் பனியில் ஓட்டிப் பார்த்தபின், அந்தக் கூற்றில் ஒரு பகுதி முற்றிலும் உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பகுதியில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, என் கைக்கு வந்த இந்தக் குறிப்பிட்ட பலகையின் உற்பத்திக் குறை. மற்றொன்று, இந்த மாதிரியின் வடிவமைப்பிலேயே உள்ள ஒரு வரம்பு. வரம்பு இருப்பதில் எனக்கு வருத்தமில்லை, அது வாங்குபவருக்குச் சொல்லப்படாமல் இருப்பதில்தான் வருத்தம். தங்கள் சேவைப் பிரிவு எனக்கு அனுப்பிய பதில்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, எதற்கும் விடை தராமல் முடிந்துவிட்டதால், இவற்றைப் பிரித்து விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக விழுந்த ஆழமான பவுடர் பனியில் இந்தப் பலகை மிகச் சிறப்பாக ஓடுகிறது. மூக்கு எனப்படும் முன்முனையிலும் வால் எனப்படும் பின்முனையிலும் ராக்கர் என்னும் மேல்நோக்கிய வளைவு இருப்பதால், உடல் எடையைப் பின்காலுக்கு அதிகம் தள்ளாமலேயே மூக்கு பனிக்கு மேலே நிற்கிறது. மரங்களுக்கிடையே குறுகிய திருப்பங்களை எடுக்கும்போது வால் எளிதாகச் சுழன்று வருகிறது. முழு ட்வின் வடிவத்தில், அதாவது மூக்கும் வாலும் ஒரே வடிவில் அமைந்து, கால்களைச் சரிநடுவில் வைத்து ஓட்டும் ஒரு பலகை பவுடரில் இவ்வளவு மிதப்பதை நான் முன்பு கண்டதில்லை. பார்க்கிலும், அதாவது தாவல் மேடுகளும் பெட்டிகளும் கம்பிகளும் அமைத்த திடலிலும், அப்படித்தான். கால்களுக்கு அடியில் பலகை வில்போல மேலெழும்பியிருக்கும் கேம்பர் வளைவு, அழுத்தி விட்டவுடன் துள்ளல் தருகிறது. சிறிய தாவல்களிலும் தட்டையான பெட்டிகளிலும் அது கைகொடுக்கிறது. இதை வடிவமைத்தவர் தம் தொழிலை நன்கு அறிந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால்தான் அவருடைய வேலை தொழிற்சாலையின் கடைசிக் கட்டத்தில் கெட்டுப்போயிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சிக்கல் கடினப்பனியில் தொடங்குகிறது. இயந்திரத்தால் இரவில் சமன்செய்யப்பட்டு, காலையில் இறுகிக் கிடக்கும் சரிவில், பலகையைத் தட்டையாக வைத்து நேராகச் செல்லும்போது அது நேராகச் செல்வதில்லை. தண்டவாளத்தில் ஏறிய சக்கரம்போல ஏதோ ஒரு விளிம்பு பனியைப் பற்றிக்கொண்டு, ஓட்டுபவர் கேட்காத திசைக்கு இழுக்கிறது. ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு மாறும் தருணத்தில், பலகை வழுக்கிச் சுழலவேண்டிய இடத்தில் வால் பக்கம் சிக்கி நிற்கிறது. கூடுதலாக அழுத்தினால் சட்டென்று விடுபட்டு, பின்பாதி முழுவதும் சறுக்கிப் போகிறது. பிடித்தால் விடுவதில்லை, விட்டால் பிடிப்பதில்லை. குதிகால் பக்க விளிம்பில் இது இன்னும் அதிகம்.

இதற்கான காரணத்தைக் கண்டறியப் பலகையின் அடிப்பரப்பின் குறுக்கே நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். மூக்குப் பக்கத்து பைண்டிங்குக்கு (காலணியைப் பலகையோடு பிணைக்கும் பிடிக்கு) அடியில் பரப்பு கிட்டத்தட்டச் சமமாக இருக்கிறது. நடுவிலிருந்து வாலை நோக்கிச் செல்லச் செல்ல, சட்டம் இரு எஃகு விளிம்புகளின்மீது மட்டுமே அமர்ந்து, இடைப்பட்ட பகுதியில் வெளிச்சம் தெரிகிறது. பின் பைண்டிங்கைத் தாண்டிய இடத்தில், அந்த இடைவெளிக்குள் 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அளவுத்தகடு தடையின்றி நுழைகிறது. அதாவது அடிப்பரப்பு குழிந்து, விளிம்புகள் இரண்டும் அதைவிடத் தாழ்ந்து பனியைத் தொடுகின்றன. தங்கள் விவரக்குறிப்பில் அடிப்பக்க விளிம்புச் சாய்வு 1 டிகிரி என்று குறிக்கப்பட்டுள்ளது. பலகை தட்டையாக ஓடும்போது விளிம்புகள் பனியிலிருந்து சற்றே விலகி நிற்கவேண்டும் என்பதுதான் அந்தச் சாய்வின் நோக்கம்; அடிப்பரப்பு இவ்வளவு குழிந்திருந்தால் அந்த 1 டிகிரி இருந்தும் பயனில்லை.

குளிரில் பாலிஎத்திலீன் அடிப்பரப்பு எஃகைவிடப் பல மடங்கு சுருங்கும் என்பதால், குளிரில் அளந்தால் ஓரளவு குழிவு தெரிவது இயல்பு என்ற பதிலைத் தாங்கள் தரக்கூடும். அதை நினைத்தே, பலகையை அறையின் இயல்பான வெப்பத்தில் ஓர் இரவு முழுவதும் வைத்திருந்து, மெழுகைச் சுரண்டி நீக்கிய பிறகுதான் அளந்தேன். குளிரின் விளைவு என்றால் குழிவு நீளம் முழுவதும் ஒரேமாதிரி இருந்திருக்க வேண்டும். இங்கே மூக்குப் பாதி சமமாகவும் வால் பாதி குழிந்தும் இருக்கிறது. அழுத்த அச்சிலிருந்து எடுத்த பலகையில் எபாக்சி என்னும் ஒட்டுப்பிசின் முழுமையாக இறுகி, உள்ளழுத்தங்கள் தணியும் முன்பே அடிப்பரப்பைக் கல்லில் அரைத்தால், பின்னர் அது இவ்விதமாகச் சுருங்கிக் குழிவது பழுதுபார்க்கும் பட்டறைகள் நன்கறிந்த குறை. என் பலகைக்கு நேர்ந்தது அதுதானா, அரைக்கும் இயந்திரத்தில் அழுத்தம் சீராக இல்லாததா என்பதைத் தங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவே பதிவேடுகளைப் பார்த்துக் கண்டறிய முடியும்.

இது ஓட்டுபவரின் திறமைக் குறைவு என்று தங்கள் முதல் பதிலில் மறைமுகமாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே அந்தச் சாத்தியத்தையும் சோதித்தேன். பலகை முழு ட்வின் என்பதால், இரு பைண்டிங்குகளையும் கழற்றி, வால் முன்னாலும் மூக்கு பின்னாலும் வரும்படித் திருப்பி மாட்டினேன். கால் இடைவெளியையும் கோணங்களையும் மாற்றவில்லை. ஓட்டுபவரின் பழக்கம்தான் காரணம் என்றால், சிக்கல் தொடர்ந்து பின்காலில்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ முன்காலில். பலகையின் எந்த முனையில் குழிவு இருக்கிறதோ அந்த முனையோடு சிக்கலும் இடம்பெயர்ந்தது. பிறகு அதே மாதிரியை, அதே நீளத்தில் வாடகைக்கு எடுத்து, அதே காலையில் அதே சரிவில் ஓட்டினேன். அந்தப் பலகை தட்டையாக அமைதியாக ஓடியது. விளிம்பு மாறும்போது சிக்கவே இல்லை. என் கோரிக்கை முழுவதும் இந்த ஒப்பீட்டின்மீதுதான் நிற்கிறது என்பதால், இதைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஃப்ரீஸ்டைல் பலகைக்கு இந்தக் குறை ஏன் சாதாரணமானதன்று என்பதைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை; ஆயினும் தங்கள் பதில்களின் தொனி என்னை எழுத வைக்கிறது. தாவலை நோக்கிச் செல்லும் ஓட்டப்பாதையில் ஓட்டுபவர் வேகத்தைக் குறைக்காமல் பலகையைத் தட்டையாக வைத்திருக்கிறார். அந்த நொடியில் ஒரு விளிம்பு தானாகப் பற்றினால், தாவல் மேட்டின் மேல்விளிம்பில் அவர் எந்தக் கோணத்தில் காற்றில் ஏறுவார் என்பதை அவரால் தீர்மானிக்க முடியாது. பார்க்கில் உள்ள உலோகக் கம்பிகளில் பக்கவாட்டில் சறுக்கும்போதும் அப்படித்தான். ஸ்விட்ச் நிலையில், அதாவது வழக்கத்துக்கு மாறான காலை முன்வைத்து ஓட்டும்போது, இரு திசைகளிலும் ஒரேமாதிரி நடந்துகொள்வதுதான் ட்வின் பலகை தரும் உறுதிமொழி. அந்த உறுதிமொழி என் பலகையில் இல்லை. பெரிய தாவல்களில் இதை ஓட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். உடல் காயத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய இக்குறையைப் பழகினால் சரியாகிவிடும் என்று எழுதியது பொறுப்பான பதிலாக எனக்குத் தோன்றவில்லை. புதிய பலகையின் விறைப்பு ஓட்ட ஓட்டச் சிறிது தளரும் என்பது உண்மை. அடிப்பரப்பின் குழிவு அப்படித் தானாகச் சமமாகிவிடாது.

மூக்கிலும் வாலிலும் விளிம்பை மழுக்கிக்கொள்ளுங்கள் என்ற தங்கள் இரண்டாவது ஆலோசனையையும் ஏற்க இயலவில்லை. வளைவு தொடங்கும் இடத்துக்கு அப்பால் சிறிது மழுக்குவது பார்க் ஓட்டுபவர்களிடையே வழக்கம்தான். என் பலகையில் குழிவு பனியைத் தொடும் நீளத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே மழுக்கினால், ஏற்கெனவே குறைவாக இருக்கும் பிடிமானத்தையும் இழக்க வேண்டியதுதான்.

பிடிமானம் என்னும் சொல் என்னை இரண்டாவது விஷயத்துக்குக் கொண்டுவருகிறது. வாடகைக்கு எடுத்த குறையற்ற பலகையும், கண்ணாடிபோல உறைந்த பகுதிகளில் திருப்பத்தின் கடைசிப் பங்கில் வாலை நழுவவிட்டது. ஆகவே இது என் பலகைக்கு மட்டும் உரியதன்று. பலகை சாய்ந்திருக்கும்போது, ஓட்டுபவரின் எடையை விளிம்பின் இரு கோடிகளுக்கும் கொண்டுசேர்ப்பது கேம்பர் வளைவு. இந்த மாதிரியில் கேம்பர் இரு பைண்டிங்குகளுக்குச் சற்று வெளியிலேயே முடிந்து ராக்கர் தொடங்கிவிடுவதால், கோடிகளில் அழுத்தம் குறைகிறது. போதாததற்கு, பலகை நீளவாக்கில் நடுத்தர விறைப்போடு இருந்தாலும், முறுக்குவாக்கில் மென்மையாக இருக்கிறது. அதனால் கடினப்பனியில் மூக்கும் வாலும் முறுக்கு அவிழ்ந்து பின்வாங்குகின்றன. பவுடரில் நான் பாராட்டிய மிதப்புக்கும், பெட்டிகளில் எளிதாக வளைவதற்கும் கொடுக்கப்படும் விலை இது. இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது என்பதை நான் அறிவேன். முழுக் கேம்பர் பலகை ஒன்றைத் தாங்கள் விற்றிருந்தால், பனிக்கட்டியில் உறுதியாக நின்று, பவுடரில் மூக்கை முழுகவிடுகிறது என்று எழுதவேண்டியிருக்கும்.

ஆனால் விவரக்குறிப்பு இதைச் சொல்லவில்லை. பவுடர், பார்க், கடினப்பனி, பனிக்கட்டி ஆகிய நான்குக்கும் எதிரே ஒரே நீளத்தில் பட்டைகள் வரையப்பட்டுள்ளன. வளையும் தன்மை 10-க்கு 6 என்று இருக்கிறது. இந்த எண்ணுக்கு நிறுவனங்களுக்கிடையே பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, முறுக்கு விறைப்பைப் பற்றியோ அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. விளிம்பின் மொத்தப் பயன்நீளம் தரப்பட்டுள்ளது. தட்டையாக இருக்கும்போது பனியைத் தொடும் நீளம் தரப்படவில்லை. ராக்கர் உள்ள பலகையில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே முக்கியமான செய்தி. அதிகாலையில் இறுகிய சரிவுகளில் மட்டுமே ஓட்டும் வாய்ப்புள்ள ஒருவர், தங்கள் பட்டைகளை நம்பி இதை வாங்கினால், தமக்கு ஒவ்வாத பலகையோடு பருவம் முழுவதையும் கழிக்க நேரும். பனியைத் தேடிச் செல்லும் நாள்கள் யாருக்கும் எளிதாகக் கிடைப்பதில்லை.

வேறு பனிகளைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனெனில் அவற்றில் எனக்குப் புகார் இல்லை. பலர் ஓட்டிக் குழப்பிய மேடுபள்ளப் பனியில் வேகம் கூடும்போது மூக்கு அதிர்கிறது. எடை குறைந்த மரக்கருவில் அதை எதிர்பார்க்கலாம். வெயிலில் இளகி நீர் ஊறிய பருவக் கடைசிப் பனியில் அடிப்பரப்பு பனியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தொழிற்சாலையில் அடிப்பரப்பில் இடப்பட்ட நுண்ணிய வரிப்பள்ளங்கள் குளிர்ந்த, உலர்ந்த பனிக்கு ஏற்றவை என்பதால், ஈரப்பனிக்குரிய மெழுகு பூசியதும் பெருமளவு சரியானது.

ஆகவே நான் கேட்பது இதுதான். என் பலகையைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்று, அடிப்பரப்பையும் விளிம்புச் சாய்வையும் அளந்து, அந்த அளவுகளை எனக்கு எழுத்தில் தரவேண்டும். நான் சொன்ன குழிவு உறுதியானால், அனுப்புமுன் சமதளம் சோதிக்கப்பட்ட மாற்றுப் பலகை ஒன்றையோ, அது இயலாவிடில் முழுத் தொகையையோ தரவேண்டும். அதே தொகுதியில் தயாரான மற்றப் பலகைகளிலும் இக்குறை உள்ளதா என்று பார்த்து, இருப்பின் அவற்றை வாங்கியவர்களுக்குத் தாங்களே தெரிவிக்கவேண்டும். தட்டையாக ஓடும்போது தானாகப் பற்றும் விளிம்பைத் தம் திறமைக்குறைவு என்று எண்ணித் தம்மையே நொந்துகொள்ளும் தொடக்கநிலை ஓட்டுநர்கள் அவர்களில் இருக்கக்கூடும். விவரக்குறிப்பில் கேம்பரின் உயரத்தையும், தட்டையில் பனியைத் தொடும் நீளத்தையும், முறுக்கு விறைப்பையும் சேர்த்து, பனிக்கட்டிக்கு எதிரே உள்ள பட்டையை உண்மையான நீளத்துக்குக் குறைக்கவேண்டும். அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் பவுடரையும் பார்க்கையும் விரும்புவோர் இந்தப் பலகையை வாங்குவார்கள். நானே அவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

நேர்விளிம்புச் சட்டம் வைத்து எடுத்த படங்கள், வால் பகுதியில் அளவுத்தகடு நுழையும் படங்கள், பலகையின் தொடர் எண் தெரியும் படம், வாங்கியதற்கான ரசீது ஆகியவற்றை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். அடிப்பரப்பை அரைத்துச் சமன்செய்து தருவதாகப் பட்டறை ஒன்று முன்வந்தது. அரைத்துவிட்டால் தாங்கள் சோதிக்கவேண்டிய சான்று அழிந்துவிடும் என்பதால் மறுத்துவிட்டேன். தங்கள் சோதனை முடியும்வரை பலகை, கழற்றிய பைண்டிங்குகளுடன், இப்போதுள்ள நிலையிலேயே என்னிடம் இருக்கும். எடுத்துச்செல்ல ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்