காத்திருக்கும் வீட்டுக்கு யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவருவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும்வரை வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பதினெட்டு நாள் அப்படி உட்கார்ந்திருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் வேலை பார்த்த நாட்டில், இரவு படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. கூடத் தங்கியிருந்த பையன்தான் போன் செய்தான். "அக்கா, அண்ணனுக்கு ரொம்ப முடியல" என்றுதான் ஆரம்பித்தான். குரலிலேயே தெரிந்துவிட்டது. அதன்பிறகு மூன்று நாள் வேறு யாரும் எங்களிடம் பேசவில்லை. வேலை கொடுத்த நிறுவனத்துக்கு நாங்கள் போன் போட்டால் "பேப்பர் ஆகலை" என்று ஒரே பதில். எந்தப் பேப்பர், யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் அடுத்த வாரம் கூப்பிடச் சொன்னார்கள்.

இன்று எனக்கு அந்த வரிசை மனப்பாடம். அறையில் இறந்ததால் முதலில் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும். அவை முடிந்தால்தான் மரணச் சான்றிதழ். அதைக் காட்டினால்தான் தூதரகம் பாஸ்போர்ட்டை ரத்து செய்து, உடலை அனுப்பச் சம்மதம் கொடுக்கும். உடலைப் பதப்படுத்தியதற்கு ஒரு சான்று, போலீஸின் தடையில்லாச் சான்று, குடும்பத்தின் சார்பில் கையெழுத்துப் போட அங்கே ஒருவருக்கு இங்கிருந்து அதிகாரக் கடிதம், கடைசியில் விமான நிறுவனம் கொடுக்கும் சரக்குச் சீட்டான ஏர்வே பில். நாட்டுக்கு நாடு முன்பின்னாக மாறும். ஒன்று சிக்கினால் பின்னால் இருப்பதெல்லாம் நிற்கும் என்பது எல்லா இடத்திலும் உண்டு. எங்களுக்குச் சிக்கியது ஒரே ஒரு எழுத்து. மரணச் சான்றிதழில் அண்ணன் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது திருந்தி வர ஆறு நாள். இப்படி ஒரு சங்கதி நடக்கிறது என்பதே எங்களுக்கு ஐந்தாவது நாள்தான் தெரியும். பாஸ்போர்ட் நகல் எங்கள் பீரோவில்தான் இருந்தது. சான்றிதழ் எழுதும் முன்னால் யாராவது ஒருவர் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே படம் எடுத்து அனுப்பியிருப்பேன்.

உடல் வருகிறது என்று தகவல் கிடைத்ததும் பயணிகள் வெளியே வரும் வாசலில் போய் நின்றோம். எல்லோரும் பெட்டியும் பையுமாக வந்து போனார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு காவலர்தான், கார்கோ பக்கம் போங்கள், அது வேறு கட்டடம் என்று காட்டினார். உடல் சரக்குப் பிரிவில்தான் வரும் என்பதை யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. அங்கே அண்ணி கையெழுத்துப் போட வேண்டிய தாளில் எடை 138 கிலோ என்று இருந்தது. அண்ணன் அறுபது கிலோகூட இருக்கமாட்டார். அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது அவர் இல்லை. வேற யாரையோ அனுப்பிட்டாங்க" என்றார். அங்கிருந்த ஊழியர் எழுந்து வந்து அண்ணி பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்: "இது மரப்பெட்டி எடையும் சேர்த்தும்மா. உள்ளே துத்தநாகத் தகடு வச்சு, காத்து போகாம ஈயப்பற்று வச்சு மூடியிருப்பாங்க. அதான் இவ்வளவு." பதினெட்டு நாளில் எங்களுக்கு ஒருவர் நின்று விளக்கியது அப்போதுதான். அண்ணி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு நான் தேடிப் படித்தேன். உடலை எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்கு 1937-இல் பெர்லினில் சில நாடுகள் கூடி ஓர் உடன்பாடு செய்திருக்கின்றன. 1973-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய நாடுகள் இன்னொன்று செய்தன. வெளிப்பெட்டியின் பலகை 20 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பொருள் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. துணைத் தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 37-ஆவது பிரிவு, வெளிநாட்டவர் ஒருவர் இறந்தது தெரிந்தால் உள்ளூர் அதிகாரிகள் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எல்லாம் தேவையான விதிகள்தான். தூதரகத்துக்குச் சொல்லும் கடமை இருக்கிறது. அங்கிருந்து வீட்டுக்கு நாள்தோறும் சொல்லும் கடமை யாருக்கு என்று கேட்டால், நான் படித்த வரை அந்தப் பிரிவில் அதற்குப் பதில் இல்லை.

நான் கேட்பது இதுதான். இறந்தவருக்கு வேலை கொடுத்தவரோ தூதரகமோ, முதல் நாளே ஒருவர் பெயரையும் போன் எண்ணையும் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். உடலைக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்கம் செய்வதா, தகனம் செய்து சாம்பலைக் கொண்டுவருவதா என்று நிதானமாகக் கேட்க வேண்டும். மூன்றுமே வழிகள்தான். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று குடும்பத்தைத் தள்ளக் கூடாது. பெட்டியைத் திறந்து முகம் பார்க்க முடியுமா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாள் ஆக ஆக, பதப்படுத்தினாலும் முகம் மாறும். பதப்படுத்தியவருக்கு அது தெரியும். அண்ணி அந்தக் கேள்வியைப் பதினெட்டு நாளும் எல்லோரிடமும் கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் மூடி திறக்கும்போதுதான் தெரிந்துகொண்டார்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நான்காவது நாளிலிருந்து, ஷிப்ட் முடிந்து வந்து தினமும் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிடுவான். "இன்னிக்கும் ஒண்ணும் ஆகலை அக்கா, நாளைக்குப் போய் கேக்கறேன்" என்பான். அவ்வளவுதான், அரை நிமிஷம். அந்த போன் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் விளக்கை அணைப்போம். அந்த அரை நிமிஷப் போனை யாருக்காவது ஒரு வேலையாகக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி