ஊரைப் பற்றி எழுத வரும் பிள்ளைகள்

மண்டபம்

அன்புள்ள இபுராகிம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்பதும், தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுத வரும் கல்லூரி மாணவர்களுக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டிருக்கிறாய் என்பதும் எனக்குப் பெருமகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் நடப்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கின்றன. வலை பின்னுவதும் படகுக்கு வர்ணம் பூசுவதுமாக ஊர் நகர்கிறது.

சான்றையும் நடுநிலையையும் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். முதல் நாளே விதிப் பக்கங்களைப் படிக்கச் சொல்லாதே என்பதே என் முதல் வேண்டுகோள். மெய்யறிதன்மை (எழுதியதை வாசகர் சான்றைப் பார்த்துச் சரிபார்க்க முடிவது), நடுநிலை நோக்கு, சொந்த ஆய்வைச் சேர்க்காமை ஆகிய மூன்றும் அந்தக் கலைக்களஞ்சியத்தின் அடிப்படை என்பதில் ஐயமில்லை. ஆனால் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் தம் ஊரின் மீதுள்ள பற்றால் வருகிறார்கள். தமக்குத் தெரிந்ததை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஒத்துவரும் சான்றைப் பிறகு தேடுகிறார்கள். தேடுகிறவருக்கு இணையத்தில் எதற்கும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும் என்பதுதான் ஆபத்து. இந்த வரிசையை மாற்றிவிட்டால் பாதித் தொல்லை தீரும். நூலோ அறிக்கையோ கையில் இருந்தால் மட்டுமே எழுத உட்காரட்டும். அது சொல்வதைச் சொல்லும் அளவுக்கே, தம் சொந்த நடையில் எழுதி, அந்த வாக்கியத்தின் முடிவிலேயே சான்றை இடட்டும்.

சான்று இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1985இல் நம் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்து தனி மாவட்டங்கள் ஆயின அல்லவா? 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இராமநாதபுரம் மாவட்டம் என்று இருப்பது இன்றைய மாவட்டமன்று. அந்த எண்ணை எடுத்து இன்றைய மாவட்டத்தின் பழைய மக்கள்தொகை என்று எழுதினால், அரசாங்க ஆவணத்தையே சான்றாகக் காட்டியும் செய்தி தவறாகிவிடும். நூல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது, அப்போது எல்லை எதுவாக இருந்தது என்று கேட்கும் பழக்கத்தை நம் மாவட்டத்தை வைத்தே சுலபமாகக் கற்றுக் கொடுக்கலாம்.

இன்னொரு தொல்லை, சான்று சுற்றிவருவது. விக்கிப்பீடியாவில் ஒருவர் ஆதாரமில்லாமல் எழுதிய வரியை ஒரு செய்தித்தாள் எடுத்துப் போடுகிறது. பின்னொருவர் அந்தச் செய்தித்தாளையே அதே வரிக்குச் சான்றாக இணைக்கிறார். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, அந்த வரி எந்தத் தேதியில் சேர்ந்தது, செய்தி எந்தத் தேதியில் வந்தது என்று ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நடுநிலைக்கு வருகிறேன். உத்தரகோசமங்கைதான் உலகின் முதல் சிவன் கோயில் என்று எழுத ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். அப்படி நம்புகிறவர்கள் யார், அந்த நம்பிக்கையைப் பதிந்த நூல் எது என்று சேர்த்து எழுதச் சொல். வாக்கியம் தானே சரியாகிவிடும். தனுஷ்கோடிப் புயலுக்கும் இதே வழிதான். 1964 டிசம்பர் 22 இரவு கடல் கொண்டுபோன அந்த ரயிலில் மாண்டவர்களின் எண்ணிக்கை ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொன்றாக இருக்கிறது. பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்வதே மாணவர்களின் இயல்பு. எந்த எண்ணை யார் சொன்னார் என்று அருகருகே வைத்துவிட்டு விலகிக்கொள்வதே எழுதுகிறவரின் வேலை.

உண்மையான சோதனை கச்சத்தீவில்தான். இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்கு அது கட்டுரைத் தலைப்பு மட்டுமன்று, வீட்டுப் பேச்சு. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 உடன்பாடுகள், தீவை மீட்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 1991இல் நிறைவேற்றிய தீர்மானம், கைதான மீனவர்கள் என்று அவன் தடையின்றி எழுதிவிடுவான். அதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் நம் விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி தங்கள் வலைகளை அறுத்துப் போவதாக வடஇலங்கைத் தமிழ் மீனவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறையும், அந்த மடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்ததும் அவன் கட்டுரையில் இருக்காது. அந்தப் பக்கத்தை யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருப்பவர்கள் அதே தமிழில் படிப்பார்கள் என்பதை அவனுக்கு நினைவூட்டு. தமிழ் விக்கிப்பீடியாவை 2003 முதல் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவரான இ. மயூரநாதனே யாழ்ப்பாணத்தவர்தாம். இரு தரப்புக்கும் வரிகளை எண்ணிச் சரிபாதியாகப் பங்கிட்டால் நடுநிலை வந்துவிடும் என்றும் அவன் எண்ணக் கூடாது. நம்பத்தக்க நூல்களும் ஆய்வுகளும் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கின்றனவோ, அந்த விகிதமே அளவு.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நீரோட்டத்தைப் பற்றியும் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) அடையும் மீன்களைப் பற்றியும் இங்குள்ள முதிய மீனவர் ஒருவர் சொல்வது எந்த நூலிலும் இல்லாமல் இருக்கலாம். அச்சேறாத அறிவைக் கலைக்களஞ்சியம் ஏற்பதில்லை. விதி சரியானதே, ஏனெனில் சொன்னவர் யார் என்று வாசகரால் சரிபார்க்க முடியாது. ஆனாலும் இழப்பு யாருடையது என்பது நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியும். மாணவர்கள் அத்தகைய பேச்சைக் கேட்டெழுதி, முதலில் ஓர் இதழிலோ ஆய்வேட்டிலோ வெளியிட முயலட்டும். அதற்கு முன், கொச்சிக்கு மாறும்வரை நம் மண்டபம் முகாமில் தலைமையகம் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பழைய வெளியீடுகளைப் புரட்டச் சொல். அவற்றில் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. யாரும் எழுதவில்லை என்று நாம் நினைத்திருப்பதில் ஒரு பகுதி அங்கே இருக்கலாம்.

எழுதியதை யாராவது நீக்கிவிட்டால் உடனே மீட்டெடுக்காமல் அந்தக் கட்டுரைக்குரிய பேச்சுப் பக்கத்தில் காரணம் கேட்கட்டும். பெரும்பாலும் மறுமொழி கிடைக்கும், சில நேரம் கடுமையாகவும் கிடைக்கும். அந்த நேரத்தில் நீ பக்கத்தில் இரு. முதல் நீக்கத்திலேயே மனம் உடைந்து போய்விடுகிற பிள்ளைகள்தான் நன்றாக எழுதக்கூடியவர்களாகவும் இருக்கிறார்கள்.

மாணவர்கள் எடுத்துக்கொண்ட தலைப்புகளை எழுதி அனுப்பு. மாவட்ட கசெட்டியரில் (அரசு வெளியிட்ட மாவட்ட விவரத் தொகுப்பில்) எந்தெந்தப் பக்கம் பயன்படும் என்று பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
சேதுராமன்